சென்றது, சேர்ந்ததா?



நம் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் இப்பொழுது செய்திகள் தாமாகவே ஆசிரியர்களின் கைப்பேசிக்கு வந்து சேரும்படி ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். பிள்ளை இன்று பள்ளிக்கு வரமாட்டான் என்று தாயார் ஒரு மின்படிவத்தை நிரப்புகிறார். சில நொடிகளில் ஆசிரியர்களின் குழு உரையாடலில் அச்செய்தி வந்து நிற்கிறது. காலை நேரத்தில் அலுவலகத் தொலைபேசியை எடுக்க ஆளில்லை என்ற பழைய குறை இதனால் பெரிதும் நீங்கியிருக்கிறது. நல்ல முயற்சி, பாராட்டத்தக்கது.

இதனை அமைப்பது எப்படி என்று சொல்லித்தர இணையத்தில் காணொளிகள் நிறைய உள்ளன. அமைத்த பின்னர் அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதிப்பது எப்படி என்பதை யாரும் நம்மிடம் அமர்ந்து சொல்வதில்லை. எங்கள் பள்ளியில் கணினிப் பொறுப்பு என்னிடம் இருப்பதால், நண்பர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க வேறு சில பள்ளிகளிலும் இவ்விணைப்புகளைச் சோதித்துக் கொடுத்தேன். அப்போது கண்டவற்றை ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் விளங்கும் வகையில் எழுத முயல்கிறேன். கணினி அறிந்தவர்கள் பொறுத்தருள்க.

கொக்கி என்பது என்ன?

இந்த ஏற்பாட்டின் நடுவில் இருப்பதை ஆங்கிலத்தில் ‘வெப்ஹூக்’ என்பர். ஜெஃப் லிண்ட்சே என்ற நிரலாளர் 2007இல் இச்சொல்லைப் புழக்கத்திற்குக் கொண்டு வந்தார். தமிழில் ‘வலைக்கொக்கி’ எனலாம். இக்கட்டுரையில் சுருக்கமாகக் ‘கொக்கி’ என்றே அழைக்கிறேன்.

ஒரு மாணவனை ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை அலுவலகத்திற்கு அனுப்பி, “எங்கள் வகுப்புக்குக் கடிதம் ஏதும் வந்திருக்கிறதா?” என்று கேட்டுவரச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலான வேளைகளில் அவன் வெறுங்கையோடுதான் திரும்புவான். அதற்கு மாறாக, கடிதம் வந்தவுடன் அலுவலகப் பணியாளரே வகுப்பறைக்கு ஆள் அனுப்பினால் யாருக்கும் வீண் நடை இல்லை. கொக்கி இந்த இரண்டாவது வழியைச் சார்ந்தது. ஓரிடத்தில் ஒரு நிகழ்வு நடந்ததும், அவ்விடமே மற்றோர் இடத்திற்குச் செய்தியைக் கொண்டுபோய்ப் போட்டுவிடும்.

போடுவதற்கு ஒரு முகவரி வேண்டுமல்லவா? ஸ்லாக், டிஸ்கார்டு போன்ற குழு உரையாடல் செயலிகள் ஒவ்வோர் உரையாடல் அறைக்கும் நீண்டதோர் இணைய முகவரியை உருவாக்கித் தருகின்றன. அம்முகவரிக்குச் செய்தியை ‘ஜேசன்’ என்னும் ஒழுங்கில் கட்டி அனுப்பினால், அது அந்த அறையில் தோன்றும். பள்ளிகளில் நான் கண்ட பொதுவான அமைப்பு இதுதான்: பெற்றோர் கூகுள் படிவத்தை நிரப்புகிறார், விடை விரிதாளில் ஒரு வரியாகப் பதிவாகிறது, அந்த விரிதாளோடு ஒட்டியுள்ள ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்னும் சிறுநிரல் விழித்தெழுந்து, கொக்கியின் முகவரிக்குச் செய்தியை அனுப்புகிறது, ஆசிரியர்களின் கைப்பேசி ஒலிக்கிறது.

படிவம், விரிதாள், நிரல், கொக்கி, அறை, கைப்பேசி, இறுதியாக ஆசிரியரின் கண். எண்ணிப் பார்த்தால் ஏழு கண்ணிகள் உள்ள சங்கிலி. எந்தக் கண்ணி அறுந்தாலும் செய்தி வராது.

வராத செய்தி

அண்டைப் பள்ளி ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் காலை பத்து மணியளவில் படிவத்தை நிரப்பினார். “இன்று பள்ளி வேன் வராது, என் தங்கை வந்து பிள்ளையை அழைத்துச் செல்வார்” என்பது செய்தி. “உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது” என்று திரையில் வந்தது. அவரும் நிம்மதியாகத் தொழிற்சாலையில் வேலைக்குள் சென்றுவிட்டார். உள்ளே கைப்பேசிக்கு அனுமதி இல்லை.

பள்ளி முடிந்ததும் சின்னம்மா வாயிலில் வந்து நின்றார். கடமையில் இருந்த ஆசிரியையிடம் அப்படியொரு செய்தி இல்லை. முன்பின் தெரியாதவரிடம் பிள்ளையை ஒப்படைக்க முடியாது என்று அவர் மறுத்தார். அவர் செய்தது முற்றிலும் சரி. சின்னம்மாவோ, “அக்கா எழுதிப் போட்டிருக்கிறாரே” என்று குரலை உயர்த்தினார். அவர் சொன்னதும் உண்மைதான். இருவருக்கும் இடையில் அந்தப் பிள்ளை புத்தகப்பையைக் கட்டிக்கொண்டு அழுதபடி ஒரு மணி நேரத்திற்கு மேல் பாதுகாவலர் கூண்டருகில் நின்றது. தாயார் ஓய்வு நேரத்தில் கைப்பேசியை எடுத்துப் பார்த்த பிறகே நிலைமை சீரானது.

பிள்ளைக்குத் தீங்கு ஏதும் நேரவில்லை. எனினும் எல்லார் மனத்திலும் ஒரு கேள்வி எழுந்தது. அன்று தவறாமல் இருந்தவர்கள் ஆசிரியையும் தாயாரும். அப்படியானால் தவறியது எது?

பார்த்தபோது, அந்த உரையாடல் அறைக்கு மூன்று நாளாகவே ஒரு செய்தியும் வரவில்லை என்பது தெரிந்தது. புதிய கல்வியாண்டுக்காகப் பழைய அறையை மூடிப் புதிய அறையைத் திறந்திருந்தார்கள். கொக்கியோ பழைய அறையில்தான் மாட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு செய்தியும் மூடிய கதவில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. அனுப்ப முடியவில்லை என்று கூகுள் மின்னஞ்சலில் அறிவித்துக்கொண்டும் இருந்தது. ஆனால் அந்த மின்னஞ்சல், நிரலை முதலில் அமைத்த ஆசிரியரின் பெயரில் இருந்த கணக்கிற்குச் சென்றது. அவர் மாற்றலாகி வேறு மாநிலத்திற்குப் போய்விட்டார். அக்கணக்கைத் திறந்து பார்ப்பவர் எவருமில்லை.

இதில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது அந்த மூன்று நாள் அமைதிதான். அறையில் செய்தி ஏதும் இல்லாததைக் கண்டு, “பரவாயில்லையே, எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள்” என்று எண்ணியிருக்கிறார்கள். செய்தி வராமைக்கு இரண்டு பொருள் உண்டு. சொல்ல ஒன்றுமில்லை என்பது ஒன்று. சொல்லும் வழி அடைபட்டிருக்கிறது என்பது மற்றொன்று. கைப்பேசித் திரையில் இரண்டும் ஒரே மாதிரியாகத்தான் தெரியும். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதே சோதனையின் நோக்கம்.

இனி, நான் பின்பற்றும் வரிசையில் சோதனைகளைச் சொல்கிறேன்.

1. கொக்கியைத் தனியே சோதித்தல்

முதலில் படிவத்தையும் விரிதாளையும் மறந்துவிடுங்கள். கொக்கியின் முகவரிக்கு நேராக ஒரே ஒரு வரியை அனுப்பிப் பாருங்கள். ஸ்லாக்கில் கொக்கியை உருவாக்கும் பக்கத்திலேயே, ‘கர்ல்’ என்னும் கருவிக்கான மாதிரிக் கட்டளை ஒன்று கொடுக்கப்பட்டிருக்கும். அதை நகலெடுத்துக் கட்டளைச் சாளரத்தில் ஒட்டி இயக்கினால் போதும்.

விண்டோஸ் பயன்படுத்துவோர்க்கு ஓர் எச்சரிக்கை. அந்த மாதிரிக் கட்டளை ஒற்றை மேற்கோள் குறிகளோடு இருக்கும். விண்டோசின் பழைய கட்டளைச் சாளரம் ஒற்றை மேற்கோளை மேற்கோளாகக் கருதாது, கட்டளை பிழையாகிவிடும். கொக்கி கெட்டுவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். அதே சாளரத்தில் தமிழைத் தட்டினால் சில கணினிகளில் கேள்விக்குறிகளாக மாறிப்போவதும் உண்டு. கட்டளைச் சாளரம் ஒத்துழைக்காவிட்டால் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் நான்கு வரி எழுதி அனுப்பிப் பார்ப்பது எளிது.

ஏன் தனியே சோதிக்க வேண்டும்? பத்தியை வாசிக்கத் தடுமாறும் மாணவனிடம் நாம் மீண்டும் மீண்டும் பத்தியையே கொடுப்பதில்லை. எழுத்து தெரிகிறதா, சொல் தெரிகிறதா, சொற்றொடர் தெரிகிறதா என்று படிப்படியாகப் பார்க்கிறோம். இங்கும் அதே முறைதான். ஏழு கண்ணிகளையும் ஒரே நேரத்தில் சோதித்துத் தோற்றால், எந்தக் கண்ணியில் பழுது என்று தெரியாது.

2. விடையைப் படித்தல்

அனுப்பிய ஒவ்வொரு செய்திக்கும் எதிர்முனை ஓர் எண்ணை விடையாகத் தருகிறது. பலர் அதைப் பார்ப்பதே இல்லை. மாணவன் எழுதிய விடைத்தாளை வாங்கி, திருத்தாமல் பெட்டியில் போடுவதைப் போன்றது அது.

200 – பெற்றுக்கொண்டேன். ஸ்லாக் இதனுடன் ‘ஓகே’ என்ற சொல்லையும் அனுப்பும்.
204 – பெற்றுக்கொண்டேன். சொல்ல வேறொன்றும் இல்லை. டிஸ்கார்டு வழக்கமாக இப்படி விடையளிக்கும். வெறுமையாக வருவதால் தோல்வி என்று நினைக்க வேண்டாம்.
400 – நீங்கள் கட்டியனுப்பிய செய்தியின் ஒழுங்கு சரியில்லை.
403 – உங்களுக்கு அனுமதி இல்லை.
404 – இம்முகவரியில் எதுவும் இல்லை. முகவரியை நகலெடுக்கும்போது ஓர் எழுத்து விடுபட்டிருக்கலாம்; அல்லது கொக்கி நீக்கப்பட்டிருக்கலாம்.
410 – இருந்தது, இப்போது இல்லை. மூடப்பட்ட அறைக்கு ஸ்லாக் தரும் விடை இதுவே. மேற்சொன்ன பள்ளியில் மூன்று நாளும் வந்த எண் இதுதான்.
429 – அளவுக்கு மீறி விரைவாக அனுப்புகிறீர்கள். சற்றுப் பொறுத்து அனுப்புங்கள்.
500 முதல் 599 வரை – கோளாறு எதிர்முனையில். உங்கள் நிரலைத் திருத்தப் புறப்பட வேண்டாம்.

இவ்வெண்களை ஒரு தாளில் எழுதிக் கணினிக்கு அருகில் ஒட்டி வையுங்கள். 200 என்பது ஸ்லாக் நிறுவனத்தின் கணினி செய்தியைப் பெற்றுக்கொண்டது என்பதை மட்டுமே உறுதி செய்கிறது. துணைத் தலைமையாசிரியர் அதைப் படித்தார் என்று பொருளில்லை. இந்த எண்ணைக் கண்டதும் சோதனையை முடித்துக்கொள்பவர்கள் பாதி வழியில் இறங்கிவிடுகிறார்கள்.

3. உண்மையான எழுத்துகளோடு சோதித்தல்

“டெஸ்ட்” என்ற ஒரு சொல்லை அனுப்பி வெற்றி கண்டால் போதாது. பெற்றோர் அப்படி எழுதமாட்டார்கள். அவர்கள் எழுதுவதைப் போலவே எழுதி அனுப்பிப் பாருங்கள்.

தமிழ் எழுத்துகள் ஒழுங்காக வருகின்றனவா? ‘ஸ்ரீ’ வருகிறதா? ‘கொ’, ‘கௌ’ ஆகியன சிதையாமல் வருகின்றனவா? ஒவ்வொரு செயலிக்கும் ஒவ்வோர் எழுத்துரு தேடி அலைந்த காலத்தோடு ஒப்பிட்டால் ஒருங்குறி நமக்குப் பெரிய நன்மை செய்திருக்கிறது. ஆயினும் இடையில் ஏதேனும் ஒரு கண்ணி பழைய குறியாக்கத்தில் இருந்தால் கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான் மிஞ்சும்.

அடுத்து, குறிகள். பெற்றோர் ஒருவர், மருத்துவர் “ஓய்வு” எடுக்கச் சொன்னார் என்று இரட்டை மேற்கோளோடு எழுதுவார். நிரலில் செய்தியைக் கையால் ஒட்டிக் கட்டியிருந்தால், அந்த மேற்கோள் குறி ஜேசன் ஒழுங்கை உடைத்துவிடும்; விடை 400. நிரல்மொழியிலேயே இதற்கென உள்ள கட்டளையைப் பயன்படுத்திக் கட்டினால் இத்தொல்லை இல்லை. மற்றொருவர் காரணத்தை நான்கு வரிகளில், வரிக்கு வரி இடைவெளி விட்டு எழுதுவார். இன்னொருவர் ‘அம்மா’, ‘பாட்டி’ என்ற சொற்களுக்கிடையில் ‘அண்ட்’ என்ற குறியை இடுவார். ஸ்லாக்கில் அந்தக் குறியையும் சிறிது, பெரிது என்னும் கணிதக் குறிகளையும் மாற்றெழுத்தில் எழுதி அனுப்ப வேண்டும் என்பது விதி. நம் பிள்ளைகளின் பெயர்களில் வரும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்பவற்றின் சாய்கோடு ஜேசனுக்குள் தொல்லை தராது. ஆனால் பெயரை இணைய முகவரியின் பகுதியாக இணைத்து அனுப்பும் அமைப்புகளில் அதே சாய்கோடு செய்தியைத் திசைமாற்றிவிடும்.

ஒன்றுமே எழுதாத பெற்றோரையும் மறந்துவிடக்கூடாது. காரணம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு ஒரு படிவத்தை அனுப்பிப் பாருங்கள். செய்தி வருகிறதா, அல்லது நிரல் திகைத்து நின்றுவிடுகிறதா என்பது தெரியும்.

4. படிவத்திலிருந்து சோதித்தல்

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விரிதாளில் தாமே ஒரு வரியைத் தட்டிவிட்டு, செய்தி வரும் என்று காத்திருப்பார்கள், வராது. படிவம் அனுப்பப்படும்போது இயங்குமாறு அமைத்த நிரல், படிவம் அனுப்பப்பட்டால் மட்டுமே விழிக்கும். விரிதாளில் கையால் தட்டுவதை அது பொருட்படுத்தாது. நிரல் பக்கத்தில் இருந்தபடி இயக்கு விசையை அழுத்துவதும் சரியான சோதனையாகாது. படிவம் கொண்டுவரும் விவரங்கள் அப்போது இல்லாததால் நிரல் பிழை என்று சொல்லும். நன்றாக இயங்கும் அமைப்பைக் கெட்டது என்று எண்ணிப் பிரித்துப் போட்டவர்களும் உண்டு.

ஆகவே, ஒரு பெற்றோரின் இடத்தில் நின்று சோதியுங்கள். பள்ளிக் கணினியில் வேண்டாம். சாதாரணக் கைப்பேசி ஒன்றில், பெற்றோருக்குப் புலனக் குழுவில் அனுப்பிய அதே இணைப்பைத் திறந்து நிரப்புங்கள். படிவம் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லி மறிக்கிறதா என்பதும் அப்போது வெளிப்படும். முடிந்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைச் சேர்ந்த இருவரை அழைத்து நிரப்பச் சொல்லுங்கள். அருகில் நின்று சொல்லிக் கொடுக்காமல் கவனியுங்கள்.

5. நெரிசலில் சோதித்தல்

ஒரு படிவம் ஒழுங்காக வந்தால், முப்பதும் ஒழுங்காக வரும் என்று சொல்வதற்கில்லை. காய்ச்சல் பரவும் வாரத்தில், காலை ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில்தான் எல்லாப் படிவங்களும் வரும். ஸ்லாக் கொக்கிக்கு நொடிக்கு ஒரு செய்தி என்பது பொது அளவு. அதற்கு மேல் போனால் 429 என்ற விடையும், எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்ற குறிப்பும் வரும். நிரல் அக்குறிப்பைப் படித்துப் பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும். படிக்கத் தெரியாத நிரலாக இருந்தால் அச்செய்தி தொலைந்ததுதான்.

நான்கைந்து ஆசிரியர்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரே நேரத்தில் ஆளுக்கு ஐந்து படிவம் அனுப்புங்கள். விரிதாளில் எத்தனை வரி, அறையில் எத்தனை செய்தி என்று எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மீண்டும் அனுப்பும் வழக்கம் உள்ள நிரலில் ஒரே செய்தி இருமுறை வரவும் கூடும். ஒவ்வொரு செய்தியிலும் விரிதாள் வரி எண்ணைச் சேர்த்துவிட்டால் குறையும் தெரியும், மிகையும் தெரியும்.

6. கண்ணில் படுகிறதா?

இதுவரை சொன்னவை கணினிக்கான சோதனைகள். இனி மனிதருக்கான சோதனை.

ஸ்லாக்கில் இரவு பத்து மணி முதல் காலை எட்டு மணி வரை ஒலி எழுப்பாமல் இருக்கும் ஓர் அமைப்பு உண்டு. பணிக்களத்தைத் தொடங்கும்போதே அது இயக்கத்தில் இருக்கலாம். அலுவலகங்களுக்கு அது பொருத்தம். ஏழரை மணிக்கு வகுப்புத் தொடங்கும் நம் பள்ளிகளுக்கு அது பொருந்தாது. நமக்கு மிகவும் வேண்டிய அரைமணி நேரம் முழுவதும் கைப்பேசி ஊமையாக இருக்கும். செய்தி வந்திருக்கும், 200 என்ற விடையும் வந்திருக்கும், ஒருவரும் பார்த்திருக்கமாட்டார். மின்கலனைச் சேமிக்கிறேன் என்று சில கைப்பேசிகள் செயலிகளை உறங்க வைத்துவிடுவதும் உண்டு. தொல்லையாக இருக்கிறது என்று அறையின் ஒலியை அடக்கி வைத்த ஆசிரியர்களும் இருப்பார்கள்.

எனவே காலை 7.15க்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, கண்டவர்கள் அதன் கீழ் ஒரு குறியிடும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு எண்ணிப் பாருங்கள். குறியிடாதவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவர்கள் கைப்பேசியை வாங்கிப் பார்த்தால் காரணம் கிடைத்துவிடும்.

பத்துப் பேர் இருக்கும் அறையில், “மற்றவர் பார்த்துக்கொள்வார்” என்று பத்துப் பேரும் நினைப்பது இயல்பு. இன்று பார்க்க வேண்டியவர் இன்னார் என்று பெயர் சொல்லி வைப்பது நல்லது. கடமை ஆசிரியர் பட்டியல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதிலேயே இதையும் சேர்த்துவிடலாம்.

7. அமைதியைப் பேச வைத்தல்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் ‘பெரட்டு’ நினைவிருக்கும். விடியற்காலையில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கணக்கெடுத்த பின்னரே வேலைக்கு அனுப்புவர். நாமும் வகுப்பறையில் நாள்தோறும் பெயர் கூப்பிடுகிறோம். ஒவ்வொரு பிள்ளையும் வாய்திறந்து “உள்ளேன் ஐயா” என்று சொல்ல வேண்டும். குரல் வராவிட்டால் பிள்ளை இல்லை என்று உடனே தெரிந்துகொள்கிறோம்.

கொக்கிக்கும் அப்படியொரு பெயர் கூப்பிடுதலை ஏற்படுத்தலாம். நாள்தோறும் காலையில் நிரல் தானாகவே ஒரு செய்தி அனுப்ப வேண்டும்: “இன்று இதுவரை வந்த படிவங்கள் 4.” படிவமே வராத நாளிலும், “இன்று இதுவரை வந்த படிவங்கள் 0” என்று அது சொல்ல வேண்டும். அச்செய்தி வராத நாளில் வழி அடைபட்டிருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். மூன்று நாள் ஏமாற்றம் முதல் நாள் காலையிலேயே வெளிப்பட்டுவிடும்.

ஒரு குறிப்பு: ஆப்ஸ் ஸ்கிரிப்டின் நேரத் தூண்டல் நிமிடம் பிசகாமல் இயங்காது. காலை ஏழு முதல் எட்டு வரை என்று அமைத்தால் அந்த ஒரு மணி நேரத்திற்குள் ஏதோ ஒரு நிமிடத்தில் இயங்கும். நிரலின் நேர வலயம் கோலாலம்பூர் என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையேல் காலைச் செய்தி வேறொரு நேரத்தில் வரும்.

இதனோடு ஒரு பொய்த் தோல்வியையும் நிகழ்த்திப் பாருங்கள். பள்ளியில் தீ பிடிக்காத நாளில்தானே தீயணைப்புப் பயிற்சி நடத்துகிறோம்? நிரலின் நகல் ஒன்றில் கொக்கி முகவரியின் ஓர் எழுத்தை மாற்றி அனுப்புங்கள். தோல்வி என்ற செய்தி யாருக்குப் போகிறது? எப்போது போகிறது? கூகுள் இத்தோல்வி அறிவிப்பை உடனடியாகவோ, மணிக்கொரு முறையோ, நாளுக்கொரு முறையோ, வாரத்திற்கொரு முறையோ அனுப்பும்படி தேர்ந்தெடுக்கலாம். உடனடி என்பதையே தேர்ந்தெடுங்கள். அது தூண்டலை அமைத்தவரின் மின்னஞ்சலுக்கே போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

சோதிக்கும்போது காக்க வேண்டியவை

கொக்கியின் முகவரி வீட்டுச் சாவியைப் போன்றது. அதை வைத்திருக்கும் எவரும் பள்ளியின் பெயரால் அந்த அறையில் செய்தி போடலாம். “இந்தப் பிள்ளையை இன்று இன்னார் அழைத்துச் செல்வார்” என்று பொய்ச் செய்தி போட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே முகவரியைப் புலனக் குழுவில் ஒட்டாதீர்கள். திரையைப் படமெடுத்து உதவி கேட்காதீர்கள். வெளியே தெரிந்துவிட்டால் பழைய கொக்கியை நீக்கிப் புதியது உருவாக்குங்கள்.

சோதனைக்கென ஒரு தனி அறை வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பிள்ளைகளின் பெயரை எழுதாதீர்கள். ‘சோதனை மாணவர் 1’ என்று எழுதினால் போதும். ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் ‘சோதனை’ என்ற சொல் இருக்கட்டும். அடையாள எண், நோய் விவரம், வீட்டு முகவரி ஆகியவற்றைக் குழு உரையாடலுக்கு அனுப்பவே வேண்டாம். பிள்ளையின் பெயரும் வகுப்பும் வரி எண்ணும் இருந்தால், வேண்டியவர் விரிதாளில் பார்த்துக்கொள்வார்.

எப்போது மீண்டும் சோதிக்க வேண்டும்?

ஒரு முறை சோதித்தால் என்றென்றைக்கும் போதும் என்பது இல்லை. கல்வியாண்டு தொடங்கும்போது, பொறுப்பாசிரியர் மாறும்போது, அறையின் பெயரையோ உறுப்பினர்களையோ மாற்றும்போது, படிவத்தில் ஒரு கேள்வியைக் கூட்டியோ குறைத்தோ அமைக்கும்போது எல்லாச் சோதனைகளையும் மீண்டும் செய்ய வேண்டும். சேவை தரும் நிறுவனங்களும் தங்கள் வழிமுறையை மாற்றுவதுண்டு. மைக்ரோசாஃப்ட் டீம்சில் ‘கனெக்டர்’ என்ற பழைய வழியை நிறுத்திவிட்டு ‘வொர்க்ஃபுளோஸ்’ என்ற புதிய வழிக்கு மாற்றப்போவதாக அந்நிறுவனம் 2024 ஜூலையில் அறிவித்தது. நாம் எதையும் தொடாவிட்டாலும் நம் இணைப்பு மாறக்கூடும் என்பதற்கு இது ஒரு சான்று.

பொறுப்பாசிரியர் மாற்றலாகிப் போகும்போது சாவிக்கொத்தை ஒப்படைப்பதைப் போல இதையும் ஒப்படைக்க வேண்டும். நிரல் யார் கணக்கில் இயங்குகிறது, கொக்கி எந்த அறையில் மாட்டியிருக்கிறது, தோல்வி அறிவிப்பு யாருக்கு வருகிறது என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி அலுவலகக் கோப்பில் வையுங்கள். தனியாள் கணக்கைவிடப் பள்ளிக்கென உள்ள பொதுக் கணக்கு நல்லது.

பெற்றோர்களுக்கு

படிவத்தை நிரப்பியதும் “உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது” என்று வருகிறதே, அது கூகுளின் சொல். பள்ளியின் சொல் இல்லை. பிள்ளையை வேறொருவர் அழைத்துச் செல்வது போன்ற முக்கியச் செய்தியாக இருந்தால், ஆசிரியரோ அலுவலகமோ “கண்டோம்” என்று விடையளிக்கும் வரை அதனை முடிந்த காரியமாகக் கருதாதீர்கள். ஒரு மணி நேரத்தில் விடை வராவிட்டால் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழையுங்கள். தொல்லை கொடுக்கிறோமே என்று தயங்க வேண்டாம். படிவம் நிரப்பத் தெரியாத தாத்தா பாட்டியின் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகளும் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவேனும் தொலைபேசி வழி திறந்தே இருக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். பெயர் கூப்பிட்ட பதிவேடு ஒரு பக்கம், படிவங்கள் மறுபக்கம் என்று இரண்டையும் நாள்தோறும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளை வரவில்லை, படிவமும் வரவில்லை என்றால் வீட்டுக்கு ஓர் அழைப்பு விடுங்கள். வேனில் ஏற்றிவிட்டோம் என்று வீட்டார் நினைத்திருக்க, பிள்ளை வகுப்பில் இல்லாத நாளும் வரக்கூடும். அன்று எந்தக் கொக்கியும் உதவாது. அந்த அழைப்புதான் உதவும்.

வகுப்பில் பாடம் நடத்தி முடித்து “புரிந்ததா?” என்று கேட்டால், “புரிந்தது, ஐயா!” என்று நாற்பது குரல்கள் ஒன்றாக ஒலிக்கும். அதை நம்பி நாம் பாடநூலை மூடிவிடுவதில்லை. பின்வரிசையில் இருக்கும் ஒரு பிள்ளையை எழுப்பி, “நீ சொல், பார்ப்போம்” என்கிறோம். 200 என்ற விடையைக் கண்டதும் செய்ய வேண்டியதும் அதுதான்.

வரும் திங்கட்கிழமை காலை 7.15க்கு உங்கள் பள்ளியின் அறைக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள். எட்டு மணிக்குள் எத்தனை பேர் கண்டார்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் முன்வைத்துப் பேசுங்கள்.